ஷவர்மா, கிரில், அல்ஃபாம், தந்தூரி: உடம்புக்கு எது பரவாயில்ல?

14 ஜூன் 2025, இரவு 11:20
வாசகர் கேள்வி: அண்ணா, எனக்கு 31 வயசு, கோயம்புத்தூர்ல நைட் ஷிப்ட் வேலை. வாரத்துல மூணு நாள் ராத்திரி சாப்பாடு வெளியதான். போன மாசம் டெஸ்ட் எடுத்தப்ப சுகர் பார்டர்ல இருக்குன்னு சொல்லிட்டாங்க. ரூம்ல எல்லாரும் "கிரில்ல எண்ணெயே கிடையாது, அதை எவ்ளோ வேணா சாப்பிடு, ஷவர்மா பக்கம் மட்டும் போகாத"ங்கிறாங்க. நெருப்புல சுட்ட கோழியில எதைத் தைரியமா சாப்பிடலாம்?

15 ஜூன், காலை 7:05
எண்ணெயில பொரிக்கலங்கிறது உண்மை. கொழுப்பு இல்லங்கிறது உண்மை இல்ல. கிரில் கோழி தோலோட சுத்துது, அந்தத் தோல் மொறுமொறுன்னு ஆகுறதே அதுக்கு அடியில இருக்கிற கொழுப்பு உருகித்தான். தோல் இல்லாத நெஞ்சுக்கறி வெந்தது 100 கிராம் எடுத்தா கொழுப்பு மூணு நாலு கிராம், புரதம் 30 கிராம் கிட்ட. அதே கோழியில தோலோட தொடைக்கறி 100 கிராம்னா கொழுப்பு 15 கிராம் வந்துரும். ஒரே கோழிதான், எந்த இடத்துக் கறி, தோல் இருக்கா இல்லையா, அதுலயே இவ்ளோ வித்தியாசம்.

நான் ஷார்ஜாவுல ஒரு கஃப்டீரியாவுல நாலு வருஷம் ஷவர்மா கம்பி பக்கத்துலயே நின்னு வேலை பார்த்தவன், இப்ப திருச்சி. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வரிசை: தந்தூரி முதல்ல (தோலை உரிச்சுட்டுதான் மசாலா தடவுவாங்க), அப்புறம் அல்ஃபாம் (கரிநெருப்புல சுடுற அரபு நாட்டுக் கோழி), அப்புறம் கிரில், கடைசியா ஷவர்மா.

15 ஜூன், இரவு 9:50
காலைல அவசரத்துல எழுதிட்டேன், முக்கியமான ஒண்ணு விட்டுப் போச்சு. மயோனைஸ்.

சாயங்காலம் ஒரு சிக்கன் ஷவர்மா ரோல் வாங்கிட்டு வந்து, வீட்டுல வீட்டுக்காரம்மா கேக் செய்ய வெச்சிருக்கிற தராசுல பிரிச்சுப் பிரிச்சு எடை போட்டேன். குப்பூஸ் (கறியைச் சுத்தி வர்ற அரபு ரொட்டி) 70 கிராம். கறி 84 கிராம். முட்டைக்கோஸும் நாலு உருளைக்கிழங்கு பிரையும் சேர்த்து 50 கிராம். வெள்ளையா ஒட்டியிருந்ததை எல்லாம் ஸ்பூனால வழிச்சு ஒரு கிண்ணத்துல போட்டா 46 கிராம்! மயோனைஸ்ல முக்கால்வாசி எண்ணெய்தான், கிராமுக்கு ஏறக்குறைய 7 கலோரி. அப்ப அந்த 46 கிராமே 320 கலோரி. கறி 170-லேர்ந்து 200 வரும், குப்பூஸ் 190 இருக்கும். ஷவர்மான்னு சொல்லி நாம சாப்பிடுறதுல கறியை விட ஒன்றரை மடங்குக்கு மேல கலோரி சாஸ்ல இருக்கு.

கிரில்லுக்கும் இதே கதைதான். அரை கிரில் வாங்கினா ரெண்டு கப் மயோனைஸ் தர்றான், பத்தலைன்னா "அண்ணே இன்னொரு கப்பு"ன்னு கேட்டு வாங்குறோம். தம்பி, உங்க ரூம்ல எண்ணெய் இல்லன்னு சொல்றவங்க மொத்த எண்ணெயையும் அந்தக் கப்புலதான் தொட்டுச் சாப்பிடுறாங்க.

18 ஜூன்
"தமிழ்நாட்டுல மயோனைஸ் தடை பண்ணிட்டாங்களே, இன்னும் எப்படித் தர்றாங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். தடை மொத்த மயோனைஸுக்கும் இல்ல. பச்சை முட்டையில அடிக்கிற மயோனைஸுக்கு மட்டும், 2025 ஏப்ரல் 8-லேர்ந்து ஒரு வருஷத்துக்குன்னு போட்டது. கேரளாவுல 2023 ஜனவரியிலயே கொண்டு வந்துட்டாங்க, தெலங்கானாவுல 2024 கடைசியில. பச்சை முட்டையில சால்மோனெல்லாங்கிற கிருமி இருந்தா அதைக் கொல்ல சூடுங்கிறதே அந்த மயோனைஸ் வழியில எங்கயும் வராது. முட்டை, எண்ணெய், பூண்டு, கொஞ்சம் வினிகர், மிக்ஸியில ஒரு சுத்து, அவ்வளவுதான். அதை சாயங்காலம் நாலு மணிக்கு அடிச்சு வெச்சு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் அடுப்புக்குப் பக்கத்துலயே வெச்சிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

முட்டை இல்லாத மயோனைஸ் பாக்கெட்டுல வருது, அது அந்தத் தடையில வரல. கிருமி பயம் கம்மி. ஆனா அதுலயும் எண்ணெய் நிறைய, கலோரி இல்லன்னு நினைக்காதீங்க.

19 ஜூன், இரவு
ஷவர்மாவை ஏன் கடைசியில போட்டேன்னு ரெண்டு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க, அதனால கம்பி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். எலும்பு எடுத்த தொடைக்கறியை மசாலாவுல ஊற வெச்சு ஒவ்வொண்ணா கம்பியில குத்தி அடுக்குவோம், நடுநடுவுல தோல், கொழுப்பு. அடுக்கி முடிச்சா பத்து கிலோ, பதினஞ்சு கிலோ ஒரு கூம்பு. பர்னர் ஒரு பக்கம்தான் எரியும், கம்பி மெதுவா சுத்தும், வெளிப்பக்கம் ஒரு விரல் கனத்துக்கு வேகும், அதுக்கு உள்ள பச்சைக் கறி. வெந்ததைச் சீவி எடுத்தா அடுத்த அடுக்கு நெருப்புக்கு வரும். இந்த ஏற்பாட்டுல தப்பு எதுவும் இல்ல, சீவுற வேகமும் வேகுற வேகமும் ஒத்துப் போற வரைக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி வெளிய இருபது பேர் நிக்கிறாங்கன்னு வைங்க, கத்தி ஆழமா இறங்கும், லேசா ரோஸ் கலர்ல இருக்கிற கறியும் சேர்ந்து விழும். மதியம் ஆளே இல்லன்னு வைங்க, பர்னரைக் குறைச்சிருவாங்க இல்ல அணைச்சிருவாங்க, கூம்பு வெதுவெதுப்பா மூணு மணி நேரம் நிக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி பெருகுது, அந்த வெதுவெதுப்பு அதுக்குன்னே செஞ்ச மாதிரி.

நான் வேலை பார்த்த இடத்துல சீவின கறியை அப்படியே ரோல்ல வைக்க விடமாட்டாங்க. பக்கத்துல சூடான தட்டுல போட்டு ரெண்டு நிமிஷம் புரட்டி, ஆவி பறந்தாதான் ரோல். ராத்திரி கடை மூடும்போது கம்பியில மிச்சம் இருக்கிற கறி குப்பைக்குத்தான் போகும். முதலாளி முன்னாடி நின்னு பார்ப்பார். அது அவருக்குக் காசு நஷ்டம்னாலும் ஒரு நாளும் பிரிட்ஜ்ல எடுத்து வெக்கச் சொன்னதில்ல.

20 ஜூன்
செருவத்தூர் சம்பவம் பத்திக் கேட்டவருக்கு. 2022 மே மாசம், காசர்கோடு பக்கம், ஷவர்மா சாப்பிட்ட 16 வயசுப் பொண்ணு இறந்து போச்சு, அம்பதுக்கும் மேல ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அங்க கண்டுபிடிச்சது ஷிகெல்லாங்கிற கிருமி. ஷிகெல்லா பெரும்பாலும் கைவழியா, தண்ணிவழியா வர்றது, கொஞ்சூண்டு உள்ள போனாலே போதும். அதனால கறி வெந்துச்சா இல்லையாங்கிறதோட விஷயம் முடியல, முட்டைக்கோஸ் கழுவின தண்ணி, கக்கூஸ் போயிட்டு வந்த கை எல்லாம் கணக்குல வரணும். அதுக்கப்புறம்தான் கேரளாவுல ஷவர்மாவுக்குன்னு தனி விதி போட்டாங்க, பார்சல்ல செஞ்ச தேதி, நேரம் ஒட்டணும், வாங்கி ஒரு மணி நேரத்துக்குள்ள சாப்பிடணும்னு. நம்ம ஊர்ல 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல 14 வயசுப் பொண்ணு. அந்த நியூஸ் வந்த அன்னைக்கு என் பொண்ணுக்கும் அதே வயசு. சாப்பாடு இறங்கல.

22 ஜூன், காலை
ரெண்டு நாளா ஒண்ணு மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு. என் வரிசையே தப்புன்னு தோணுது.

நான் கொழுப்பையும் கலோரியையும் வெச்சு வரிசை போட்டேன். ஆனா எங்க வீட்டுல ஒருத்தரை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சது நான் "கொஞ்சம் பரவாயில்ல"ன்னு எழுதின கிரில்தான். போன வருஷம் அக்கா பையன் பிறந்தநாள், ரெண்டு முழு கிரில் பார்சல். ஏழு மணிக்கு வாங்கினோம். சொந்தக்காரங்க வர லேட்டு, கேக் வெட்ட லேட்டு, சாப்பிட உக்காரும்போது பத்தேகால். மூணு மணி நேரத்துக்கு மேல அந்த சில்வர் பாயில் கவர்க்குள்ள கோழியும் அதுமேலயே சாய்ஞ்ச மாதிரி மயோனைஸ் கப்பும், கோழிச் சூடு மயோனைஸுக்கு ஏறிக்கிட்டு. மறுநாள் மதியத்துலேர்ந்து பையனுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல், 103 வரைக்கும் போச்சு. மூணு நாள் ட்ரிப்ஸ். அக்கா கடைக்குப் போய்ச் சத்தம் போட்டுட்டு வந்துச்சு. நானும்தான் கூடப் போனேன்.

இப்ப யோசிக்கும்போது, அந்தக் கடையில பச்சை முட்டை மயோனைஸ் தந்தது தப்பு, அது அவங்க மேல. ஆனா மூணு மணி நேரம் அதை ஹால்ல டீவி பக்கத்துல வெச்சது நாங்க. நாலு வருஷம் இந்தத் தொழில்ல இருந்த நானே அந்த வீட்டுல இருந்தேன், எனக்குத் தோணல, விருந்து வீட்டுக் களேபரத்துல அது கண்ணுக்கே படல.

அதனால தம்பி, ஷவர்மாவா கிரில்லாங்கிறதை விட நெருப்பை விட்டு இறங்கி வாய்க்கு வர்றதுக்குள்ள எவ்ளோ நேரம் ஆச்சுங்கிறதை முதல்ல பாருங்க. கலோரி பல வருஷத்துல கெடுக்கும். இது ஒரே ராத்திரியில கெடுக்கும்.

22 ஜூன், மதியம்
"திரும்பச் சூடு பண்ணிட்டா சரியாகிடாதா?" சால்மோனெல்லாவுக்கு ஆகும், உள்ள வரைக்கும் 74 டிகிரி போனா செத்துரும். ஸ்டெஃபைலோகாக்கஸ்னு ஒண்ணு இருக்கு, மூக்கு, கைப்புண்ணுலேர்ந்து கறிக்கு வர்றது. அது பெருகும்போது விடுற நஞ்சு கொதிக்க வெச்சாலும் போகாது. கிருமி செத்துரும், நஞ்சு அப்படியே இருக்கும், சாப்பிட்ட ரெண்டு மூணு மணி நேரத்துலயே வாந்தி தூக்கும். ராத்திரி வெளிய வெச்ச கிரில்லைக் காலையில தோசைக்கல்லுல போட்டுச் சூடு பண்ணிச் சாப்பிடுற பழக்கத்தைத் தயவுசெஞ்சு விட்டுருங்க. மிஞ்சும்னு தெரிஞ்சா வாங்கின உடனே எலும்பை விட்டுக் கறியைப் பிச்சு, அகலமான டப்பாவுல பரப்பி பிரிட்ஜ்ல வெச்சுருங்க. முழுசா வெச்சா உள்சூடு ஆறவே மணிக்கணக்காகும்.

29 ஜூன்
ஒரு காரியம் பண்ணினேன். கறிக்குள்ள குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கினேன், பேனா மாதிரி இருக்கும், முனையில ஊசி. எடுத்துக்கிட்டு எனக்குத் தெரிஞ்சவர் கிரில் கடைக்குப் போனேன். மாஸ்டர் முதல்ல மூஞ்சியைச் சுளிச்சார், இருபது வருஷமா கையால தொட்டுப் பார்த்தே சொல்றவர், நியாயம்தான். அப்புறம் "சரி குத்திப் பாருங்க"ன்னுட்டார்.

கண்ணாடிப் பெட்டியில ஆறு கம்பி, மேல்கம்பியிலேர்ந்து ஒரு கோழியை இறக்கினார். தோல் நல்ல பொன்னிறம், பார்க்க முழுசா வெந்த மாதிரிதான் இருந்துச்சு. நெஞ்சுல குத்தினா 83. தொடையும் உடம்பும் சேர்ற மூட்டுல, எலும்பைத் தொடாம உள்ள விட்டா நம்பர் ஏறுது, 61, 64, 66, அங்க நின்னுருச்சு. ஊசியை உருவினதும் அந்த ஓட்டையிலேர்ந்து ரோஸ் கலர்ல தண்ணி கசிஞ்சுச்சு. மாஸ்டர் ஒண்ணும் பேசல, கோழியைத் திரும்பக் கம்பியில ஏத்தினார், இந்தத் தடவ கீழ்வரிசையில பர்னருக்குக் கிட்ட. பன்னெண்டு நிமிஷம் கழிச்சு 77. கசியிற தண்ணியும் தெளிவாயிருச்சு.

வீட்டுல கருவி இல்லன்னா கண்ணால பார்த்து ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். தொடையைப் பிரிக்கும்போது மூட்டுக்கிட்ட கறி வழவழன்னு கண்ணாடி மாதிரி இருந்தா, தண்ணி ரோஸா வந்தா திருப்பிக் கொடுங்க. எலும்பு ஓரம் கருஞ்சிவப்பா இருக்கிறது வேற, அது இளங்கோழி எலும்புலேர்ந்து இறங்குற நிறம், வெந்தாலும் இருக்கும். இது தெரியாம நிறைய பேர் கடையில சண்டை போடுறாங்க.

2 ஜூலை
அல்ஃபாம் புகை பத்தி. கொழுப்பு கரிநெருப்புல சொட்டும்போது எழும்புற புகையில பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்னு சில பொருள்கள் இருக்கு, அது கறி மேல படியும். அது போக கறியே 150 டிகிரிக்கு மேல தீயில கருகும்போது வேற சிலது உருவாகும். ரெண்டையுமே புற்றுநோயோட சம்பந்தப்படுத்திப் பேசுறாங்க. இந்த விஷயத்துல கிரில் பெட்டிக்கு ஒரு நல்ல மார்க் போடணும், பர்னர் பின்னாடி இருக்கு, கொழுப்பு கீழ ட்ரேயில விழுது, நெருப்புல விழுறதில்ல. அப்ப அல்ஃபாமை கிரில்லுக்கு மேல வெச்ச என் பழைய வரிசையில இன்னொரு ஓட்டை.

ஆனா மாசம் ரெண்டு தடவ அல்ஃபாம் சாப்பிடுறவங்க இதுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். கருகின ஓரத்தைப் பிச்சுப் போடுங்க. எலுமிச்சை, பூண்டு, தயிர்ல நல்லா ஊறின கறியில அந்த இரண்டாவது வகை கம்மியாத்தான் உருவாகுது. கருகினாத்தான் டேஸ்டுன்னு கேட்டு வாங்குறவங்களை எனக்குத் தெரியும், என் மச்சானே அப்படித்தான், அவர்கிட்ட இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.

6 ஜூலை
சென்னைக்காரர் ஒருத்தர் மண்ணடி பக்கம் சாயங்காலம் போடுற பீஃப் சீக் பத்திக் கேட்டிருக்கார், அதை எங்க வைப்பீங்கன்னு. நல்ல கேள்வி, ஒரு நாள் முழுக்க யோசிச்சேன்.

கட்டைவிரல் அளவு துண்டு, ஒரு கம்பியில அஞ்சாறு, நடுவுல ஒரு கொழுப்புத் துண்டு. கேட்ட பிறகுதான் கரி மேல வைக்கிறாங்க, விசிறியால தட்டுறாங்க, நாலஞ்சு நிமிஷம், கண்ணு முன்னாடி வேகுது, கை சுடச்சுட வாங்கி அங்கயே நின்னு சாப்பிடுறோம். துண்டு சின்னது, உள்ள வரைக்கும் சூடு போயிருது. காத்துக்கிட்டு இருக்கிற நேரமே இல்ல. மயோனைஸ் இல்ல, வெங்காயமும் எலுமிச்சையும்தான். கிருமிக் கணக்குல பார்த்தா நான் இதுவரைக்கும் எழுதின எல்லாத்தையும் விட இதுதான் மேல. ஏசி போட்ட கடையில வாங்குறதுதான் சுத்தம்னு நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

இன்னொரு பக்கம், 2015-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மாடு, ஆடு மாதிரி சிவப்புக் கறியை "புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு"ங்கிற 2ஏ பிரிவுல வெச்சிருக்கு, பதப்படுத்தின கறியை முதல் பிரிவுல. கோழி அந்த ஆய்வுல வரல. அதனால சீக் தினமும் வேண்டாம். ஆனா ஆசைப்பட்டா பயப்படாம சாப்பிடக்கூடியது.

7 ஜூலை
சின்னக் குறிப்பு. தந்தூரி ரத்தச் சிவப்பா, கை கழுவினாலும் விரல்ல சாயம் நின்னா அந்தக் கடையை விட்டுருங்க. காஷ்மீரி மிளகாய் அந்த நிறம் தராது, ஒரு மாதிரி செங்கல் நிறம்தான் வரும். 2024 ஜூன்ல கர்நாடகா கபாப்ல செயற்கைச் சாயமே கூடாதுன்னு தடை போட்டுச்சு, எடுத்த சாம்பிள்ல சன்செட் எல்லோ இருந்ததாலதான். தந்தூரியை முதல் இடத்துல வெச்சவன் நான், அதனால இதையும் நானே சொல்லணும்.

10 ஜூலை, இரவு
தம்பி தனியா கேட்டிருந்தார்: "எல்லாம் சரி அண்ணா, நான் ராத்திரி பதினொரு மணிக்கு என்ன வாங்கணும், அதைச் சொல்லுங்க."

கால்வாசிக் கோழி கிரில், இல்லன்னா கால்வாசி தந்தூரி, உக்காந்து அங்கயே சாப்பிடுங்க, பார்சல் வேண்டாம். நெஞ்சுப் பக்கமா கேளுங்க, லெக் பீஸ்தான் வேணும்னா தோலை எடுத்துருங்க. பாதி மசாலா தோலோடயே போயிரும், வருத்தமாத்தான் இருக்கும், எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க. மயோனைஸ் கப்பைத் தொடாம திருப்பிக் கொடுங்க. உங்க சுகருக்குக் கோழி பெரிய பிரச்சனை இல்ல, கூட வர்ற மூணு குப்பூஸ்தான் பிரச்சனை, மைதா, ஒண்ணு 70 கிராம். ஒண்ணோட நிறுத்துங்க. பரோட்டாவுக்கு மாத்திக்கிறேன்னு சொல்லாதீங்க, அதுவும் மைதா, கூட எண்ணெய். வெள்ளரி, வெங்காயம் அப்பவே நறுக்கித் தந்தா சாப்பிடுங்க, மதியமே நறுக்கி டப்பாவுல வெச்சிருந்தா வேண்டாம். கூட்டம் மிதமா ஓடுற கடை நல்லது, கோழி நிக்காம போய்க்கிட்டே இருக்கும்.

ஷவர்மா ஆசையா இருந்தா சீவின கறியைத் தட்டுல புரட்டித் தர்ற கடையா பாருங்க, இல்லன்னா "அண்ணே, கல்லுல ஒரு தடவ புரட்டிக் குடுங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. ரோலுக்குள்ள மயோனைஸுக்குப் பதிலா புதினாச் சட்னி கேட்டா பல கடையில தர்றாங்க. முன்ன கடைசி இடத்துல போட்ட ஷவர்மாவை இப்படி வாங்கினா நடுவுல கொண்டு வருவேன்.

பேதியோட ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் இறங்கலன்னாலோ, குழந்தை ஒண்ணுக்குப் போறது குறைஞ்சாலோ ஓஆர்எஸ் குடுத்துக்கிட்டே நேரா ஆஸ்பத்திரி. மெடிக்கல்ல பேதி நிக்க மாத்திரை வாங்கிப் போட்டு வீட்டுலயே வெச்சிருக்காதீங்க. நாங்க அரை நாள் அப்படி வெச்சிருந்தோம்.

20 ஜூலை
அக்கா பையன் ஒரு வருஷமா கோழிக்கடை பக்கமே வரமாட்டேன்னு இருந்தான். நேத்து அவனே "மாமா, கிரில் சாப்பிடலாமா"ன்னான். அதே தெரிஞ்சவர் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிப் பெட்டி ஓரத்துல ஒரு நூல்ல தெர்மாமீட்டர் தொங்குது, மாஸ்டரே வாங்கி மாட்டியிருக்கார். கோழியை இறக்கி, பையனைக் கூப்பிட்டு, ஊசியை அவன் கையிலயே குடுத்து எங்க குத்தணும்னு காட்டினார். "79 மாமா"ன்னு கத்தினான். மாஸ்டர் தலையை ஆட்டிட்டு வெட்டுக்கத்தியை எடுத்தார்.